2 பேருக்கு 6 பேர்... பேஸ்பால் ட்ரேடில் யாருக்கு லாபம்? கணக்குப் போடுவது எப்படி?

2022 ஆகஸ்ட் 2. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில், நடப்பு சீசனுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ள அந்த ஆண்டுக்கான கடைசி நாள். அன்றைக்கு வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி செய்த காரியத்தைப் பார்த்து ரசிகர்கள் தலையில் கை வைத்துவிட்டார்கள். ஜுவான் சோட்டோவைத் தூக்கி சான் டியாகோ பாட்ரேஸ் அணியிடம் கொடுத்துவிட்டது நேஷனல்ஸ்.

சோட்டோவுக்கு அப்போது வயது 23. நேஷனல்ஸ் 2019ல் வேர்ல்டு சீரிஸ் கோப்பையை வென்றபோது அதன் முக்கிய பேட்டர்களில் ஒருவர். ட்ரேடுக்கு இரண்டு வாரம் முன்புதான் ஹோம் ரன் டெர்பி போட்டியில் ஜெயித்திருந்தார். இப்படி ஒரு வீரரை யாராவது கொடுப்பார்களா?

கொடுத்தார்கள். சோட்டோவுடன் ஜோஷ் பெல் என்ற பேட்டரையும் சேர்த்துக் கொடுத்து, பதிலுக்கு 6 பேரை வாங்கினார்கள். சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்ஸி கோர், ராபர்ட் ஹாசெல், ஜேம்ஸ் வுட், ஹார்லின் சுசானா, லூக் வாய்ட். இதில் ஹாசெல், வுட், சுசானா மூன்று பேரும் அதுவரை மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர்கள். வுட்டுக்கு வயது 19, சுசானாவுக்கு 18.

இந்த ட்ரேடில் யாருக்கு லாபம்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், பேஸ்பால் அணிகள் உண்மையில் எதை வாங்குகின்றன, எதை விற்கின்றன என்பது புரிந்துவிடும். மொபைலில் ஃபேன்டஸி பேஸ்பால் ஆடுகிறவர்கள் ஏன் அதே ட்ரேடை வேறு மாதிரி பார்க்கிறார்கள் என்பதும் புரியும்.

முதலில், ட்ரேடு என்றால் என்ன?

2025 நவம்பரில் சஞ்சு சாம்சனை சிஎஸ்கே வாங்கிக்கொண்டு, ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்தபோது நம்ம ஊரில் டீக்கடை வரை சண்டை நடந்ததே, அதேதான். ஆனால் ஐபிஎல்லில் ஏலம்தான் பிரதானம், ட்ரேடு எப்போதாவதுதான். பேஸ்பாலில் வீரர்களுக்கு ஏலமே கிடையாது. ட்ரேடு அங்கே அன்றாடப் பிழைப்பு.

பேஸ்பாலில் ஒரு வீரரை ட்ரேடு செய்தால், அவருடைய ஒப்பந்தம் அப்படியே புது அணிக்குப் போய்விடும். பெரும்பாலான வீரர்களிடம் சம்மதம்கூட கேட்க வேண்டியதில்லை. மதியம் வரை ஒரு ஊர், சாயங்காலம் வேறு ஊர். ஒப்பந்தத்திலேயே 'ட்ரேடு செய்யக்கூடாது' என்ற ஷரத்து போட்டவர்கள், அல்லது மேஜர் லீக்கில் 10 வருஷமும் அதில் கடைசி 5 வருஷம் ஒரே அணியிலும் இருந்தவர்கள் மட்டும்தான் 'மாட்டேன்' என்று சொல்ல முடியும்.

சோட்டோ ட்ரேடிலேயே இது நடந்தது. பாட்ரேஸ் முதலில் எரிக் ஹாஸ்மர் என்ற வீரரைத்தான் வாஷிங்டனுக்கு அனுப்ப நினைத்தது. அவரிடம் அந்த ஷரத்து இருந்தது. போக மாட்டேன் என்றார். அவருக்குப் பதிலாகத்தான் லூக் வாய்ட் கிளம்பினார். ஹாஸ்மர் அதே நாளில் பாஸ்டனுக்குப் போனார்.

ஆளை அல்ல, வருஷத்தை வாங்குகிறார்கள்

ட்ரேடு செய்தியைப் பார்த்ததும் நாம் பெயர்களைத்தான் ஒப்பிடுவோம். இவர் பெரிய ஆளா, அவர் பெரிய ஆளா? அணியின் ஜெனரல் மேனேஜர் முதலில் பார்ப்பது பெயரை அல்ல, காலண்டரை.

காரணம் இதுதான். மேஜர் லீக்கில் ஒரு வீரர் 6 வருஷ சர்வீஸ் முடித்தால்தான் சுதந்திரமாக எந்த அணிக்கும் போக முடியும். அதுவரை அவர் அணியின் கட்டுப்பாட்டில். பொதுவாக முதல் 3 வருஷம் குறைந்தபட்சச் சம்பளம் அல்லது அதை ஒட்டிய தொகை. 2025ல் அந்தக் குறைந்தபட்சம் 7.6 லட்சம் டாலர். அடுத்த 3 வருஷம் நடுவர் முறையில் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஏழாவது வருஷம்தான் சந்தை விலை.

அதாவது ஒரு நட்சத்திர வீரர் தன் இளமையின் உச்சத்தில், மதிப்பில் ஒரு பங்குக்குத்தான் ஆடிக்கொண்டிருப்பார். அந்த மலிவான வருஷங்கள்தான் ட்ரேடு சந்தையின் தங்கம்.

இந்த வருஷக் கணக்கில் அணிகள் எவ்வளவு கறாராக இருக்கும் என்பதற்கு கிரிஸ் பிரையன்ட் ஓர் உதாரணம். ஒரு சீசனில் 172 நாள் மேஜர் லீக் பட்டியலில் இருந்தால் அது ஒரு முழு வருஷ சர்வீஸ். 2015ல் சிகாகோ கப்ஸ் அணி பிரையன்ட்டை சீசன் தொடக்கத்தில் மைனர் லீக்கிலேயே உட்கார வைத்துவிட்டு, ஏப்ரல் 17ஆம் தேதி மேலே கூப்பிட்டது. சீசன் முடிவில் அவர் கணக்கில் இருந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு! அந்த ஒரு நாளால் அவர் சுதந்திரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போனது. அவர் முறையீடு செய்தார். 2020 ஜனவரியில் தோற்றார். தள்ளிப்போன அந்தக் கூடுதல் வருஷம் 2021. அந்த ஜூலையில் கப்ஸ் அவரை சான் பிரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸுக்கு ட்ரேடு செய்து, இரண்டு இளம் வீரர்களை வாங்கிக்கொண்டது. ஒரு நாளைக்கு இரண்டு வீரர்கள்.

இப்போது சோட்டோவுக்கு வருவோம். நேஷனல்ஸ் அவருக்கு 15 வருஷத்துக்கு 44 கோடி டாலர் தருவதாகச் சொல்லி, அவர் மறுத்துவிட்டதாக 2022 ஜூலையில் செய்தி வெளியானது. அவருடைய கட்டுப்பாட்டுக் காலம் 2024 சீசனுடன் முடிகிறது. அந்த நேஷனல்ஸ் அணியோ படுமோசம். அந்த சீசனை 55 வெற்றி, 107 தோல்வி என்றுதான் முடித்தார்கள். இன்னும் இரண்டரை வருஷத்தில் கையை விட்டுப் போகப்போகிற ஒரு வீரர், அதற்குள் ஜெயிக்க வாய்ப்பே இல்லாத ஓர் அணி. நேஷனல்ஸுக்கு சோட்டோவின் அந்த இரண்டரை வருஷம் கிட்டத்தட்ட வீண். பாட்ரேஸுக்கு அதே இரண்டரை வருஷம் மூன்று கோப்பை வாய்ப்பு.

ஒரே சரக்கு, இரண்டு கடையில் இரண்டு விலை. அதனால்தான் ட்ரேடே நடக்கிறது.

சரி, 'வார்' கணக்கு என்றால் என்ன?

பேரைக் கேட்டு சண்டை என்று நினைக்க வேண்டாம். 'மாற்று வீரரைவிட எத்தனை வெற்றி அதிகம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் வார். ஒரு வீரர் காயமடைந்தால் அவர் இடத்தில் மைனர் லீக்கிலிருந்து ஒருவரைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கூட்டி வரலாம். அப்படிச் சுலபமாகக் கிடைக்கும் ஆளைவிட இவர் சீசனில் எத்தனை வெற்றி கூடுதலாகத் தருகிறார்? பேட்டிங், ஓட்டம், ஃபீல்டிங், பிட்சிங் எல்லாவற்றையும் ரன்னாக மாற்றி, ஏறக்குறைய 10 ரன்னுக்கு 1 வெற்றி என்று போடுவார்கள். 2 வார் என்றால் ஒழுங்கான வீரர். 5 தாண்டினால் நட்சத்திரம். 8 என்றால் அந்த வருஷத்தின் சிறந்த வீரர் விருதுக்குப் போட்டியிடுகிறவர்.

சந்தையில் சுதந்திர வீரர்களை வாங்கும்போது 1 வாருக்கு அணிகள் தோராயமாக 80 லட்சம் முதல் 1 கோடி டாலர் கொடுப்பதாக ஒரு பொதுக்கணக்கு உண்டு. இதை வைத்து ஒரு சின்ன உதாரணம் பார்க்கலாம். ஒரு வீரர் அடுத்த 2 வருஷத்தில் 8 வார் தருவார் என்று கணித்தால், மதிப்பு 6.4 கோடி டாலர். அவருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளம் 2.5 கோடி. மிச்சம் 3.9 கோடி. இந்த மிச்சத்துக்குப் பெயர் 'உபரி மதிப்பு'. ட்ரேடில் இரண்டு பக்கத்திலும் இந்த உபரி சமமாக இருக்கிறதா என்பதுதான் கால்குலேட்டர் கேள்வி. 30 கோடி டாலர் சம்பளம் பாக்கியுள்ள ஒரு பெரிய ஸ்டாரின் உபரி சில சமயம் பூஜ்யமாக இருக்கும். பெயர் தெரியாத 19 வயதுப் பையனின் உபரி கோடிக்கணக்கில் இருக்கும்.

இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. 19 வயதுப் பையன் என்ன ஆவான் என்று யாருக்கும் தெரியாது. பெரிய எதிர்பார்ப்புடன் வந்த எத்தனையோ பேர் மேஜர் லீக்கையே பார்க்காமல் போயிருக்கிறார்கள். அதனால்தான் விற்கிற அணி ஒருத்தரை வாங்காது, நாலைந்து பேரை வாங்கும். அஞ்சில் ஒண்ணு முளைத்தால் போதும் என்ற கணக்கு. இன்னொன்று, வெற்றிகளின் மதிப்பு எல்லா அணிக்கும் ஒன்றல்ல. 70 வெற்றியில் இருக்கும் அணி 75க்குப் போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 86ல் இருக்கும் அணி 91க்குப் போனால் ப்ளே-ஆஃப். கால்குலேட்டர் இரண்டையும் 5 என்றுதான் காட்டும்.

மூன்று அணி, மூன்று கணக்கு

அப்போ பாட்ரேஸுக்கு என்ன கிடைத்தது? 2022ல் 111 வெற்றி பெற்ற டாட்ஜர்ஸ் அணியை ப்ளே-ஆஃபில் வீழ்த்தி, நேஷனல் லீக் இறுதி வரை போனது. அங்கே பிலடெல்பியாவிடம் தோற்றது. 2023ல் சோட்டோ 162 ஆட்டத்திலும் ஆடி 35 ஹோம் ரன் அடித்தார். ஆனால் அணி 82 வெற்றியுடன் ப்ளே-ஆஃபுக்கே போகவில்லை. ஒரு ஆள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பேஸ்பாலில் இதுதான் நிலைமை. 9 பேரில் ஒருவருக்கு மற்றவர்களைப் போலவே முறை வரும்போதுதான் பேட் கிடைக்கும்.

அடுத்தது பாட்ரேஸ் செய்ததுதான் சுவாரஸ்யம். கட்டுப்பாட்டில் ஒரே ஒரு வருஷம் பாக்கி. 2023 டிசம்பரில் சோட்டோவையும் டிரென்ட் கிரிஷமையும் நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்து, மைக்கேல் கிங், ட்ரூ தார்ப் உட்பட 5 பேரை வாங்கியது. தார்ப்பை முக்கியமாக வைத்து அடுத்த மார்ச்சில் இன்னொரு ட்ரேடு செய்து, சிகாகோ ஒயிட் சாக்ஸிடமிருந்து டிலன் சீஸ் என்ற பிட்சரைக் கொண்டுவந்தது. 2024 ஜூலை 25 அன்று அந்த சீஸ், எதிரணிக்கு ஒரு ஹிட்கூட கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் முடித்தார். எதிரணி யார் தெரியுமா? வாஷிங்டன் நேஷனல்ஸ்.

இப்படி ஒரு ட்ரேடிலிருந்து இன்னொரு ட்ரேடு கிளைவிட்டுப் போவதை 'ட்ரேடு மரம்' என்பார்கள். சோட்டோ இல்லாத பாட்ரேஸ் 2024ல் 93 வெற்றி பெற்று ப்ளே-ஆஃப் போனது. சோட்டோ இருந்த 2023ஐவிட 11 அதிகம்.

யாங்கீஸுக்குக் கிடைத்தது ஒரே வருஷம்தான். ஆனால் எப்படிப்பட்ட வருஷம்! 41 ஹோம் ரன். அமெரிக்கன் லீக் இறுதியின் ஐந்தாவது ஆட்டத்தில், 10வது இன்னிங்ஸில் சோட்டோ அடித்த ஹோம் ரன்தான் யாங்கீஸை வேர்ல்டு சீரிஸுக்குக் கொண்டுபோனது. அங்கே டாட்ஜர்ஸிடம் தோல்வி. அந்த டிசம்பரிலேயே சோட்டோ எதிர்வீட்டு மெட்ஸுடன் 15 வருஷத்துக்கு 76.5 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். யாங்கீஸுக்கு மிஞ்சியது ஒரு டிராஃப்ட் தேர்வு.

இப்போ நேஷனல்ஸ். வாய்ட் அந்த சீசனோடு போய்விட்டார். ஏப்ரம்ஸ் 2024ல் ஆல்-ஸ்டார். கோரும் வுட்டும் 2025ல் ஆல்-ஸ்டார். வுட் அந்த சீசனில் 31 ஹோம் ரன். 6 பேரில் 3 பேர் ஆல்-ஸ்டார் ஆவது இந்த மாதிரி ட்ரேடுகளில் அபூர்வம். தாளில் பார்த்தால் அமர்க்களம். ஆனால் புள்ளிப்பட்டியல்? 2023ல் 71 வெற்றி, 2024லும் 71, 2025ல் 66.

ரிசல்ட் தெரிந்த பிறகு திட்டுவது சரியா?

ட்ரேடு பற்றிய பழைய கதைகள் பெரும்பாலும் கிண்டல் கதைகள்தான். 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸிடமிருந்து டாயில் அலெக்ஸாண்டர் என்ற 36 வயது பிட்சரை வாங்கியது. கொடுத்தது 20 வயதான ஜான் ஸ்மோல்ட்ஸை. ஸ்மோல்ட்ஸ் அட்லாண்டாவுக்காக இரண்டு பதிற்றாண்டு ஆடி, 1996ல் சை யங் விருது வாங்கி, 2015ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். 'வரலாற்றின் மோசமான ட்ரேடு' பட்டியல் எங்கே போட்டாலும் டைகர்ஸ் பெயர் இருக்கும்.

ஆனா கொஞ்சம் நிதானமா பாருங்க. அலெக்ஸாண்டர் டெட்ராய்டுக்கு வந்து அந்த சீசனில் 11 ஆட்டத்தைத் தொடங்கினார். 9 வெற்றி, தோல்வியே இல்லை. 9 இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த சராசரி ரன் 1.53. டைகர்ஸ் தன் பிரிவில் டொரன்டோவை முந்தியது வெறும் 2 ஆட்ட வித்தியாசத்தில். அவர் வராவிட்டால் அந்தப் பட்டம் இல்லை என்றே சொல்லலாம். ஸ்மோல்ட்ஸோ அப்போது மைனர் லீக்கில் திணறிக்கொண்டிருந்தார். அடுத்த சுற்றில் மினசோட்டாவிடம் டைகர்ஸ் தோற்றது வேறு கதை.

இந்த ட்ரேடை இரண்டு விதமாக மதிப்பிடலாம். அன்றைக்குக் கையில் இருந்த தகவலை வைத்து, அல்லது 20 வருஷம் கழித்து விடைத்தாளை வைத்து. இரண்டாவது சுலபம். அதனால்தான் எல்லோரும் அதைச் செய்கிறார்கள். அணிக்குள் வேலை பார்க்கிற ஆய்வாளர்கள் மட்டும் முதலாவதைக் கேட்பார்கள்: இதே சூழ்நிலை நூறு முறை வந்தால், எத்தனை முறை இந்த முடிவு சரியாக வரும்?

அதற்காக எல்லா முடிவையும் 'அப்போ தெரியாது' என்று மன்னித்துவிடவும் முடியாது. 1990ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ், லாரி ஆண்டர்சன் என்ற 37 வயது பிட்சருக்காக ஜெஃப் பாக்வெல்லை ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. ஆண்டர்சன் பாஸ்டனுக்கு எறிந்தது மொத்தம் 22 இன்னிங்ஸ். பாக்வெல் அடித்தது 449 ஹோம் ரன். ஆண்டர்சனும் நன்றாகத்தான் எறிந்தார். பாஸ்டன் பிரிவுப் பட்டத்தையும் வென்றது. ஆனால் ஒரு மாத வேலைக்கு அவ்வளவு விலையா என்ற கேள்விக்கு அன்றைக்கே பதில் தெரிந்திருக்க வேண்டும்.

ஃபேன்டஸியில் கணக்கே வேற

நிஜ அணியை நடத்தும் ஆசை எல்லா ரசிகனுக்கும் உண்டு. 1980ல் எழுத்தாளர் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் அதை ஒரு விளையாட்டாக்கினார்கள். நியூயார்க்கில் அவர்கள் கூடிய 'லா ரோட்டிசெரி ஃபிரான்சேஸ்' என்ற உணவகத்தின் பெயரே விளையாட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. ரோட்டிசெரி பேஸ்பால், சுருக்கமாக ரோட்டோ.

இது ஒரு மேட்சுக்கு 11 பேரைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டம் அல்ல. சீசன் முழுக்க, ஏறக்குறைய ஆறு மாதம் ஓடும். வழக்கமான ரோட்டோவில் பேட்டிங்குக்கு 5 பிரிவு: ரன், ஹோம் ரன், ஆர்பிஐ, பேஸ் திருட்டு, பேட்டிங் சராசரி. பிட்சிங்குக்கு 5 பிரிவு: வெற்றி, சேவ், ஸ்ட்ரைக் அவுட், இஆர்ஏ, விப். 12 பேர் ஆடினால், ஒவ்வொரு பிரிவிலும் முதலிடத்துக்கு 12 புள்ளி, கடைசிக்கு 1.

இங்கேதான் திருப்பம். மொத்தமாக யார் நல்ல வீரர் என்பது இங்கே பாதிக் கேள்விதான். ஹோம் ரன்னில் இரண்டாமவரைவிட 30 முன்னால் இருக்கும் ஒருவர், 20 ஹோம் ரன் அடிக்கிறவரைத் தூக்கிக் கொடுத்தாலும் ஒரு புள்ளிகூட இழக்க மாட்டார். அதற்குப் பதிலாக வாங்கும் வீரர் 15 பேஸ் திருடுவார், பேஸ் திருட்டுப் பட்டியலில் அவருக்கு மேலே 10 வித்தியாசத்துக்குள் மூன்று பேர் இருக்கிறார்கள் என்றால், 3 புள்ளி எகிறும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு 'ஐயோ, நல்ல ஆளைக் கொடுத்துட்டானே' என்று தோன்றும். கொடுத்தவர் சிரித்துக்கொண்டிருப்பார்.

சோட்டோவையே எடுத்துக்கொள்வோம். 2023ல் அவர் 132 முறை 'வாக்' வாங்கினார். அதாவது மோசமான பந்துகளை அடிக்காமல் விட்டு, இலவசமாக முதல் பேஸுக்குப் போனார். நிஜ பேஸ்பாலில் இது பெரிய சொத்து. வழக்கமான ரோட்டோவில் வாக்குக்கு நேரடி மதிப்பு பூஜ்யம். அந்த வருஷம் அவருடைய பேட்டிங் சராசரி .275, பேஸை எட்டிய விகிதம் .410. எதை எண்ணுகிற லீக் என்பதைப் பொறுத்து அவர் நல்ல வீரரா, தெய்வமா என்பது மாறும். அதே போல அவருடைய ஃபீல்டிங் சுமார்தான். நிஜத்தில் அது வார் கணக்கைக் குறைக்கும். ஃபேன்டஸியில் ஃபீல்டிங்குக்கு இடமே இல்லை.

விதி மாறினாலும் விலை மாறும். 2023ல் மேஜர் லீக், பேஸின் அளவைப் பெரிதாக்கியது, பிட்சருக்குக் கடிகாரம் வைத்தது, ஓட்டக்காரரைப் பிடிக்க பேஸுக்கு எறியும் முயற்சிகளுக்கும் வரம்பு வைத்தது. முந்தைய வருஷம் 2,486 ஆக இருந்த பேஸ் திருட்டு ஒரே சீசனில் 3,503 ஆனது. அதுவரை 25 பேஸ் திருடுகிறவரைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தவர்கள் கையில் இருந்த சரக்கு திடீரென்று மலிந்துவிட்டது. 2025ல் சோட்டோவே 38 பேஸ் திருடினார். அதற்கு முன் ஒரு சீசனில் அவருடைய அதிகபட்சம் 12. அந்த சீசன் தொடக்கத்தில் ஃபேன்டஸியில் அவரை ட்ரேடில் வாங்கியவருக்கு அடித்தது லாட்டரி. யாருடைய கால்குலேட்டரிலும் அது இல்லை.

'ஒண்ணுக்கு ரெண்டு' ஆஃபர் வந்தால்?

ஃபேன்டஸியில் புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. 40 ஹோம் ரன் அடிக்கும் ஸ்டாரைக் கேட்டு, தலா 22 அடிக்கும் இரண்டு பேரைத் தருவதாக ஆஃபர் வரும். 22ம் 22ம் 44. 40ஐவிட அதிகம்தானே?

இல்லை. இரண்டு பேரை வாங்குகிறவர் தன் அணியிலிருந்து ஒருவரை வெளியேற்ற வேண்டும். ஒருவரை வாங்குகிறவருக்கு ஓர் இடம் காலியாகும். யாரும் எடுக்காத வீரர்கள் பட்டியலிலிருந்து 15 ஹோம் ரன் அடிக்கிறவரை அங்கே சும்மாவே போட்டுக்கொள்ளலாம். ஆக, 40ம் 15ம் 55. எதிரில் 44. அந்த 15தான் நிஜ பேஸ்பாலில் வார் கணக்கு சொல்லும் 'மாற்று வீரர்'. லீக்கில் ஆடுகிறவர்கள் குறைவாக இருந்தால் வெளியே நல்ல ஆள் நிறையக் கிடைப்பார், ஸ்டாருக்கு மதிப்பு கூடும். 15 பேர் ஆடும் பெரிய லீக்கில் வெளியே தேறுகிற ஆளே இருக்க மாட்டார். அங்கே இரண்டு சுமாரான வீரர்களும் பெரிய விஷயம்.

நண்பர்கள் லீக்கில் இதை வைத்துத்தான் பெரும்பாலான சண்டை. ட்ரேடு ஒருதலைப்பட்சம் என்று மற்றவர்கள் ஓட்டுப் போட்டு ரத்து செய்வார்கள். இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து ஒருவர் அணியை மட்டும் ஏற்றிவிடுகிறார்கள் என்றால் ரத்து செய்வது நியாயம். 'எனக்கு அந்த ஆஃபர் வரலையே' என்ற வயிற்றெரிச்சலில் ரத்து செய்வது அக்கிரமம். முக்கால்வாசி நடப்பது இரண்டாவதுதான்.

ஒரே ட்ரேடு, இரண்டு தலைப்புச் செய்தி

நிஜமும் ஃபேன்டஸியும் எவ்வளவு தூரம் விலகும் என்பதற்கு 2025 ஜூலை 31 நல்ல சாட்சி. அத்லெடிக்ஸ் அணியின் மேசன் மில்லரை பாட்ரேஸ் வாங்கியது. மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் எறிகிற பிட்சர். ஜே.பி. சியர்ஸும் கூடவே வந்தார். விலையாகப் போனவர்களில் முக்கியமானவர் லியோ டி வ்ரீஸ். வயது 18, மொத்த மைனர் லீக்கிலும் மிகச் சிறந்த இளம் வீரர்களில் ஒருவர். மில்லர் மீதான கட்டுப்பாடு 2029 வரை இருந்ததால் பாட்ரேஸ் அவ்வளவு கொடுத்தது.

ஆனால் அன்றைக்கு மில்லரை ஃபேன்டஸி அணியில் வைத்திருந்தவர்கள் நொந்துபோனார்கள். காரணம், சேவ். கடைசி இன்னிங்ஸில் முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடிக்கும் பிட்சருக்குத்தான் சேவ் கிடைக்கும். பாட்ரேஸில் அந்த வேலைக்கு ஏற்கனவே ராபர்ட் சுவாரெஸ் இருந்தார். அந்த சீசனில் 40 சேவ் எடுத்தார். மில்லருக்குக் கிடைத்தது பெரும்பாலும் 8வது இன்னிங்ஸ். அதே கை, அதே வேகம். ஆனால் சேவ் பிரிவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

டி வ்ரீஸ் கதையும் இப்படித்தான். ஒரே சீசனோடு முடியும் லீக்கில் அவருக்கு மதிப்பு பூஜ்யம். வீரர்களை வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளும் 'டைனஸ்டி' லீக்கில் அவர்தான் ட்ரேடின் மணிமகுடம். டைனஸ்டி ஆடுகிறவர் கிட்டத்தட்ட நிஜ ஜெனரல் மேனேஜர் மாதிரி யோசிக்க ஆரம்பித்துவிடுவார். 'இந்த வருஷம் ஜெயிக்க முடியாது, வித்துடலாம்' என்பதை எவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிறார் என்பதில்தான் அவர் திறமை.

கணக்கில் வராதவர்

2015 ஜூலை 29. நியூயார்க் மெட்ஸ் மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. மெட்ஸ் வீரர் வில்மர் ஃபுளோரஸ் ட்ரேடு செய்யப்பட்டுவிட்டதாக ரசிகர்கள் கையில் இருந்த மொபைல்களில் செய்தி ஓடுகிறது. ஃபுளோரஸும் அதைக் கேள்விப்படுகிறார். யாரும் அவரை வெளியே எடுக்கவில்லை. வெனிசுலாவில் 16 வயதில் இந்த அணியிடம் கையெழுத்துப் போட்டவர், ஃபீல்டிங் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். டிவியில் எல்லோரும் பார்த்தார்கள்.

அந்த ட்ரேடு நடக்கவே இல்லை. மில்வாக்கியிலிருந்து வரவேண்டிய கார்லோஸ் கோமஸின் மருத்துவ அறிக்கையைப் பார்த்து மெட்ஸ் பின்வாங்கியது. இரண்டு நாள் கழித்து, அதே மைதானத்தில் 12வது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து மெட்ஸை ஜெயிக்க வைத்தார் ஃபுளோரஸ். அன்றைக்கே மெட்ஸ் வேறு ட்ரேடில் யோயினிஸ் செஸ்பெடஸை வாங்கி, அந்த வருஷம் வேர்ல்டு சீரிஸ் வரை போனது. ஃபுளோரஸும் அந்த அணியில் இருந்தார்.

வீரர் என்பவர் சொத்தா என்ற கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் கர்ட் ஃபிளட். 1969ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அவரை பிலடெல்பியாவுக்கு ட்ரேடு செய்தபோது போக மறுத்தார். 1972ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 3 என்று தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையே அதில் போய்விட்டது. 10 வருஷம், 5 வருஷம் என்ற அந்தப் பாதுகாப்பு விதி அதற்கு அடுத்த வருஷம்தான் வந்தது.

சோட்டோவை விற்ற கணக்கு என்ன ஆச்சு?

நேஷனல்ஸில் அந்த ட்ரேடைச் செய்தவர் மைக் ரிஸோ. 2019 கோப்பை அணியைக் கட்டியவரும் அவர்தான். கோரும் வுட்டும் ஆல்-ஸ்டார் ஆன அதே 2025 ஜூலையில், அணி கீழேயே கிடந்ததால், ரிஸோவையும் பயிற்சியாளர் டேவ் மார்ட்டினஸையும் நேஷனல்ஸ் பதவியிலிருந்து நீக்கியது. வுட் மீதான கட்டுப்பாடு 2030 சீசன் வரை ஓடும். அதை என்ன செய்வது என்று முடிவெடுக்கப் போவது ரிஸோ இல்லை.